பாடக் குரலும் பகடிச் சிரிப்பும்

ஆசிரியரைப் போலச் செய்துகாட்டிச் சிரிப்பது மாணவர் உலகில் என்றும் உள்ள வழக்கம். ஆசிரியர் வகுப்பைவிட்டு வெளியே சென்றதும் ஒருவன் எழுந்து, அவர் மூக்குக் கண்ணாடியை உயர்த்திவிடும் விதத்தையும் கரும்பலகையைத் தட்டும் விதத்தையும் நடித்துக்காட்ட, வகுப்பே குலுங்கும். அச்சிரிப்பில் பகை குறைவு, பழக்கம் மிகுதி. அன்றாடம் கேட்டுக் கேட்டு உள்ளத்தில் படிந்த குரலைத்தான் அவ்வாறு திருப்பிச் சொல்ல இயலும். தொலைக்காட்சி என்னும் ஆசிரியர் வகுப்பறைக்குள் நுழைந்து சில பத்தாண்டுகள் கழிந்தபின், அவ்வாசிரியரையும் அவ்வண்ணமே செய்துகாட்டும் நகைச்சுவை ஒன்று தோன்றியது. அதன் கவர்ச்சி எங்கிருந்து பிறக்கின்றது என்பதும், மலாக்கா மாநிலத்துத் தோட்டப்புறங்களிலும் சிறு நகரங்களிலும் வாழும் தமிழருக்கு அதில் என்ன உண்டு என்பதும் எண்ணிப் பார்க்கத் தக்கன.

இவ்வகையில் முதலில் வைத்து எண்ணத்தக்கது, இங்கிலாந்தின் பி.பி.சி. இரண்டாம் அலைவரிசையில் 2002-ஆம் ஆண்டு வெளிவந்த 'லுக் அரவுண்ட் யூ' என்னும் தொடர். 'சுற்றிலும் பாருங்கள்' என்பது அத்தலைப்பின் பொருள். ராபர்ட் பாப்பரும் பீட்டர் செராஃபினோவிச்சும் எழுதிய அத்தொடரின் முதற் பருவத்தில் எட்டுப் பாடங்கள் உள்ளன. ஒவ்வொன்றும் ஏறத்தாழப் பத்து நிமிடம். கணிதம், நீர், கிருமிகள், கந்தகம், இசை, இரும்பு, மூளை எனத் தலைப்புகள் ஒழுங்காக வரும். அவற்றினிடையே, யாதொரு வேறுபாடும் இல்லாதது போல, பேய்கள் என்றும் ஒரு பாடம் வரும்.

1970-களின் இறுதியிலும் 1980-களின் தொடக்கத்திலும் பிரிட்டிஷ் பள்ளிகளுக்கென ஒளிபரப்பான அறிவியல் பாடங்களின் தோற்றத்தை இத்தொடர் அணுவளவும் பிசகாமல் எடுத்துக்கொண்டது. பாடம் தொடங்கும்முன் நொடிகளைக் குறைத்துக் காட்டும் கடிகாரம், மங்கிய வண்ணம், மின்னியக் கருவியின் மெல்லிசை, வெள்ளை மேலங்கி அணிந்து வாய் திறவாமல் குடுவையைத் தூக்கும் ஆய்வாளர், ஒவ்வொரு பொருளின்மீதும் ஒட்டிய பெயர்ச்சீட்டு என யாவும் உண்மைப் பாடத்தின் உடைமைகள். நைஜல் லாம்பர்ட் என்பாரின் அமைதியான குரல் விளக்கவுரை கூறுகின்றது. சொன்னதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளுமாறு அக்குரல் அவ்வப்போது பணிக்கின்றது. பார்வைக்கும் செவிக்கும் எல்லாம் சரியாக இருக்கின்றன. சொல்லப்படும் செய்தி மட்டும் முழுப் பொய். எண்களுள் மிகப் பெரியது ஏறத்தாழ 45 பில்லியன் என்றும், அதனினும் பெரிய எண்கள் இருக்கலாம் எனக் கணித வல்லுநர் ஐயுறுகின்றனர் என்றும் அக்குரல் அறிவிக்கும். எறும்புகள் பனிக்கட்டி வீடு கட்டித் தருகின்றன. மூளை என்பது வெதுவெதுப்பான நீர் நிறைந்த ஒரு தோற்பை என்று விளக்கப்படுகின்றது. ஒருவரும் சிரிப்பதில்லை. குரலில் ஒரு நடுக்கமும் இல்லை.

தொல்காப்பியர் அங்கதத்தை இருவகையாகப் பிரித்து, வெளிப்படையாகப் பழிப்பதைச் செம்பொருள் என்றும், பழியை மறைத்து வைப்பதைப் பழிகரப்பு என்றும் பெயரிட்டார். இத்தொடர் பழிகரப்பின் எல்லைக்கே சென்றுவிட்டது எனலாம். இதில் யாரும் யாரையும் பழிப்பதாகத் தெரிவதில்லை. முன்னறிவிப்பின்றி இடையில் வந்து பார்ப்பவர் சிறிது நேரம் அதை உண்மைப் பாடமென்றே கொள்வர். பிறகு ஏதோ ஒரு சொல் இடறும். முன்னே கேட்டவற்றையெல்லாம் மீண்டும் எண்ணிப் பார்க்க வேண்டியதாகும். அந்தக் கணத்தில் பிறக்கும் சிரிப்பில் பாதி, அதுவரை தலையசைத்துக் கேட்டுக்கொண்டிருந்த தம்மைக் குறித்ததே.

நகை என்னும் மெய்ப்பாடு பிறக்கும் நிலைக்களன்களாகத் தொல்காப்பியர் நான்கினைச் சொன்னார். ஏளனம் ஒன்று, இளமைத்தன்மை ஒன்று, அறியாமை ஒன்று, மடன் ஒன்று. ஏளனத்தையும் அறியாமையையும் நகைச்சுவை பற்றி எழுதுவோர் நிரம்ப எழுதியுள்ளனர். மடன் என்பதே இங்கு வேண்டப்படுவது. பிறர் அறிவித்ததை ஏற்று, ஏற்றதை விடாது பற்றிக்கொண்டிருக்கும் இயல்பே மடன் என்பது உரைமரபு. பாடக் குரலைப் பகடி செய்யும் நகைச்சுவை இந்த மடனைத்தான் தொடுகின்றது. இக்குரல் சொன்னால் ஏற்கவேண்டும், ஏற்றால் எழுதவேண்டும், எழுதினால் மனப்பாடம் செய்யவேண்டும் என்னும் பயிற்சி எத்துணை ஆழமாகப் பதிந்துள்ளதோ அத்துணைக்குச் சிரிப்பும் ஆழமாகும். அறிவியலை இழித்துரைப்பதற்கு இத்தொடரில் இடமில்லை. அறிவியலின் உடையை அணிந்துகொண்டால் எதையும் சொல்லலாம் என்னும் நிலைமையே அதன் குறி.

2005-இல் வந்த இரண்டாம் பருவம் இத்தகுதிக்கு ஈடு கொடுக்கவில்லை. 1965 முதல் 2003 வரை ஓடிய 'டுமாரோஸ் வோர்ல்ட்' என்னும் புதுமைக் கண்டுபிடிப்பு நிகழ்ச்சியைப் பின்பற்றி, அரைமணி நேரம் வீதம் ஆறு நிகழ்ச்சிகளாக அது அமைந்தது. நடத்துநர் நால்வர் வந்தனர். அவர்களுக்கெனக் குணங்களும் குறும்புகளும் வந்தன. ஆட்கள் வேடிக்கையாகிவிடவே, குரலின் வேடிக்கை குறைந்தது. சிரிக்கவைக்க முயல்வோரைக் கண்டு சிரிப்பது எளிது. சிரிப்பு என்பதையே அறியாத ஒரு குரலைக் கேட்டுச் சிரிப்பது வேறு அனுபவம். முதற் பருவத்தின் பெருமை அந்த வறட்சியில் இருந்தது.

இத்தொடரை மிகவும் போற்றியோர், சிறுவயதில் அத்தகைய பாடங்களின் முன் அமர்ந்து கொட்டாவி விட்டவர்கள். இருட்டிய அறையில் பெட்டியைச் சக்கர மேசையில் தள்ளிவந்து வைக்க, கடிகாரம் ஓட, பாதித் தூக்கத்தில் கேட்ட குரல் அவர்களுடையது. பகடிக்கு முதலீடு இத்தகைய சலிப்பே. அப்படியானால் அம்முதலீடு மலாக்காத் தமிழரிடம் இருந்ததா என்று கேட்கவேண்டும்.

மலேசியாவில் தொலைக்காட்சி 1963 டிசம்பர் 28-ஆம் நாள் தொடங்கியது. கல்வியமைச்சின் கல்வித் தொலைக்காட்சி 1972 ஜூன் 19-ஆம் நாள் பிறந்தது. அது கறுப்பு வெள்ளைக் காலம். வண்ண ஒளிபரப்பு 1978-இன் இறுதியில்தான் வந்தது. பாடங்களிற் பெரும்பகுதி மலாய் மொழியில் அமைந்தது. ஜாசின், மெர்லிமாவ், அலோர் காஜா, தெபோங், பூலாவ் செபாங் வட்டாரங்களில் ரப்பர்த் தோட்டங்களின் நடுவே இருந்த தமிழ்ப்பள்ளிகளை நினைவிற் கொண்டுவந்து பார்த்தால், இவ்வொளிபரப்பின் முன் அமர்ந்த பிள்ளையின் நிலை விளங்கும். தோட்டத்து மின்னாக்கி மாலையில் சில மணி நேரமே ஓடிய இடங்களில், காலையில் வரும் பாடத்தைப் பார்ப்பதற்கே வழி தேட வேண்டியிருந்தது. பெட்டி வாய்த்த பள்ளியிலும், வீட்டில் தமிழும் பாடப்புத்தகத்தில் தமிழுமாக வளர்ந்த பிள்ளைக்கு, அக்குரல் சொல்வதில் பாதி புரியாது. புரியாவிட்டாலும் கண்கள் விலகா. கண்ணாடிக் குடுவையும், நீல நிறச் சுடர் எரியும் அடுப்பும், அளவு கோடிட்ட குழாயும் அப்பிள்ளை வேறெங்கும் காணாதவை. அறிவியற்கூடம் என்று ஓர் அறை இல்லாத பள்ளியில் அப்பெட்டியே அறிவியற்கூடம்.

ஆகவே, இலண்டன் பிள்ளை சலிப்போடு பார்த்ததைத் தோட்டத்துப் பிள்ளை வியப்போடு பார்த்தது. சலித்தவனிடமிருந்து பகடி பிறக்கும். வியந்தவனிடமிருந்து எளிதிற் பிறவாது. மலேசியத் தமிழில் கல்வித் தொலைக்காட்சியைக் கேலி செய்யும் நாடகமோ கதையோ பேசப்படும் அளவிற்கு எழாமற் போனதற்கு நகைச்சுவை உணர்ச்சிக் குறைவு காரணமாகாது. பாற்கொட்டகைப் பேச்சைக் கேட்டவர் எவரும் தோட்டத் தமிழருக்கு நகைச்சுவை குறைவென்று சொல்லமாட்டார். கிராணியாரின் நடையும் கங்காணியாரின் குரலும் பிரட்டுக்களத்திலிருந்து திரும்பும் வழியெல்லாம் நடித்துக்காட்டப்பட்டன. அவை அன்றாடம் அலுக்குமளவிற்குக் கிடைத்தவை. அறிவியற் பாடம் அலுக்குமளவிற்குக் கிடைக்கவில்லை.

இதனினும் வருந்தத்தக்கது ஒன்றுண்டு. 'சுற்றிலும் பாருங்கள்' என்னும் தலைப்பே ஒரு நையாண்டி. பாடம் பார்க்கச் சொல்வது சுற்றுப்புறத்தை. காட்டுவது மேசைமேல் உள்ள குடுவையை மட்டுமே. தோட்டத்துப் பிள்ளை உண்மையிலேயே சுற்றிலும் பார்த்திருக்குமானால் எதைக் கண்டிருக்கும்? விடியுமுன் அப்பாவும் அம்மாவும் நிரைக்குச் சென்று உளியால் பட்டையைச் சீவுகின்றனர். பால் மங்கில் சொட்டுகின்றது. வெயில் ஏறுமுன் வெட்டினால்தான் பால் நன்கு ஓடும் என்பது மரத்தின் உள்ளழுத்தம் பற்றிய அறிவியல். பால் உறையாதிருக்க அம்மோனியா சேர்ப்பதும், உறையவேண்டிய இடத்தில் பார்மிக் அமிலம் ஊற்றுவதும் வேதியியல். பாலில் மிதக்கும் ரப்பர்த் துகள்கள் மின்னேற்றத்தால் ஒன்றையொன்று விலக்கி நிற்க, அமிலம் அவ்வேற்றத்தைத் தணிக்கவே அவை கூடி ஒட்டிக்கொள்கின்றன. பாலிலுள்ள ரப்பரின் அளவறிய மிதவைக் கருவியை இட்டுப் பார்ப்பதோ இயற்பியல். அக்கணக்கில் ஏதேனும் குறைந்தால் அன்றைய கூலியும் குறையும். ஆக, மலேசிய நாட்டிலேயே வேதியியலுக்கு மிக அருகில் வாழ்ந்த பிள்ளைகள், வேதியியல் என்பது வெள்ளையங்கி அணிந்த ஒருவர் தொலைவில் செய்வது என்று கற்றுக்கொண்டனர். ஒட்டுப்பாலின் நாற்றம் கையிலிருக்க, திரையில் வந்த குடுவையைப் பார்த்து அறிவியல் அங்கே இருக்கின்றதென்று நம்பினர்.

தமிழ்ப் பகடி இக்குரலைத் தொடவே இல்லையா என்றால், வேறு வழியாகத் தொட்டது. கலைவாணர் என். எஸ். கிருஷ்ணனின் கிந்தனார் காலட்சேபம், அண்ணாதுரை திரைக்கதையெழுதி 1949-இல் வெளிவந்த 'நல்லதம்பி' படத்தில் இடம்பெற்றது. நந்தனார் சரிதக் காலட்சேபத்தின் பாட்டும், வசனமும், பின்பாட்டும், பாகவதரின் கையசைவும் அப்படியே இருக்கும். அதற்குள் வரும் கதையோ, ஒடுக்கப்பட்ட வகுப்பில் பிறந்த கிந்தன் இரயிலேறிப் பட்டணம் சென்று படித்துக் கல்வி அதிகாரியாகத் திரும்பும் கதை. இங்கு உடை பழையது, உள்ளடக்கம் புதியது. சொல்லப்படும் செய்தியும் உண்மையானது. பிரிட்டிஷ் தொடர் உண்மைக் குரலில் பொய்யை வைத்தது. கலைவாணர் பத்திக் குரலில் கல்வியை வைத்தார். தமிழ்நாட்டு மக்களுக்கு அலுக்குமளவிற்குக் கிடைத்திருந்த போதனைக் குரல் காலட்சேபக் குரலே ஆதலின், பகடியும் அங்கிருந்து எழுந்தது.

அறிவியல் விளக்கத்தையே நேரடியாகப் பொருளாக்கிய தமிழ் நகைச்சுவை, ஆர். சுந்தர்ராஜன் இயக்கத்தில் 1984-இல் வந்த 'வைதேகி காத்திருந்தாள்' படத்தின் பெட்ரோமாக்ஸ் காட்சி. வீடியோ நாடாக் காலத்திலிருந்து மலேசியத் தமிழர் வீடுகளில் எத்தனை முறை பார்க்கப்பட்டதென்று கணக்கில்லை. அதனை அடிதடிச் சிரிப்பு என்று ஒதுக்கிய திறனாய்வாளரும் உளர். அவர்கள் அக்காட்சியை ஒரு வகுப்பறையாகப் பார்க்கத் தவறினர். கவுண்டமணி ஏற்கும் பாத்திரத்தின் பெயர் ஆல் இன் ஆல் அழகுராஜா; எல்லாம் அறிந்தவர் என்பது பெயரிலேயே உள்ளது. செந்தில் மாணாக்கர். இவ்விளக்கு எவ்வாறு எரியும் என்பது கேள்வி. மேண்டில் என்னும் பெயரே விடை. மாணாக்கர் அதனைத் தொட்டுப் பார்க்கின்றார். அது நொறுங்கிப் போகின்றது. ஆசிரியர் அடிக்கின்றார்.

கேள்வியைக் கூர்ந்து நோக்கினால், அது மிக நல்ல அறிவியற் கேள்வி. திரியில்லாத விளக்கு எவ்வாறு ஒளி தரும்? மண்ணெண்ணெய் காற்றழுத்தத்தால் மேலேறி, சூட்டால் ஆவியாகி எரிகின்றது. அச்சுடர் தானே பெரிதாக ஒளிர்வதில்லை. தோரியம், சீரியம் ஆகியவற்றின் உப்பில் தோய்த்த வலைத்துணி முதன்முறை எரியும்போதே நூலெல்லாம் சாம்பலாகி, அவ்வுலோகங்களின் ஆக்சைடு மட்டும் எலும்புக்கூடு போல நிற்கின்றது. சூடேறிய அந்த ஆக்சைடே வெண்ணொளி வீசுகின்றது. ஆஸ்திரிய நாட்டு வேதியியலார் கார்ல் ஆவர் ஃபான் வெல்ஸ்பாக் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் கண்டது இது. தொட்டால் நொறுங்குவதும் அதனால்தான். அங்கே துணி இல்லை, துணியின் வடிவில் நிற்கும் சாம்பல் உண்டு. செந்திலின் விரல் செய்தது ஒரு சோதனை. சோதனை தக்க விடையையே தந்தது. அதை விளக்க ஆசிரியருக்குத் தெரியவில்லை. பெயர் தெரிந்தவர் பொருள் தெரிந்தவராக நடமாடுவதும், கேட்டவன் அடிவாங்குவதும் தமிழ் வகுப்பறைகளில் நடவாதவை அல்ல.

இவ்விரு பகடிகளையும் அருகருகே வைத்தால் ஒரு வேறுபாடு தெரியும். பிரிட்டிஷ் தொடரில் மாணவன் இல்லை. கேள்வி கேட்பார் யாருமின்றிக் குரல் மட்டும் தனியே ஒலிக்கின்றது. கேட்க முடியாத மாணவன் திரைக்கு இப்பால் அமர்ந்திருக்கின்றான். தமிழ்க் காட்சியில் மாணவன் உண்டு, கேள்வி உண்டு, கையும் உண்டு. அந்த வகையில் பெட்ரோமாக்ஸ் காட்சி அறிவியலுக்கு நெருக்கமானது. நுட்பத்திலும் அடக்கத்திலும் பிரிட்டிஷ் தொடர் மேம்பட்டது என்பதையும் மறுக்கவேண்டியதில்லை. அடியும் உதையும் இன்றி, முகம் சுளிக்காமல், ஒரு பெயர்ச்சீட்டை ஒட்டியே சிரிப்பை வரவழைக்கும் ஆற்றல் தமிழில் இன்னும் அரிதாகவே உள்ளது. விஜய் தொலைக்காட்சியின் 'லொள்ளு சபா'வும், 2010-இல் வந்த 'தமிழ்ப்படம்' என்னும் திரைப்படமும் பகடியைத் தமிழில் பரவலாக்கின. அவை எடுத்துக்கொண்டது திரைப்படத்தை. தமிழரிடம் அலுக்குமளவிற்குக் கிடைத்தது எது என்பதை அதனின்றும் அறியலாம்.

மலாக்காத் தமிழ்ப்பள்ளிகளின் பிற்கால நிலை வேறு. தோட்டங்கள் துண்டாடப்பட்டும் செம்பனைக்கு மாறியும், குடும்பங்கள் நகர்ப்புறத் தாமான்களுக்குக் குடிபெயர்ந்தபின், அறிவியல் அரிய பொருளாக இல்லை. 1983-இல் நாடெங்கும் நடைமுறைக்கு வந்த புதிய தொடக்கப்பள்ளிக் கலைத்திட்டத்தின்கீழ் அறிவியலும் வரலாறும் புவியியலும் கலந்த பாடமாக இருந்தது, பின்னர் அறிவியல் என்னும் தனிப்பாடமாயிற்று, தேர்வுக்குரியதுமாயிற்று. 2003 முதல் அது ஆங்கிலத்தில் கற்பிக்கப்பட்டது. 2009-இல் அக்கொள்கையைக் கைவிட முடிவாகி, படிப்படியாகத் தமிழுக்குத் திரும்பியது. ஒரே பள்ளியில் ஒரே ஆசிரியர், ஒளிச்சேர்க்கை என்னும் சொல்லை விடுத்து ஆங்கிலப் பெயரைச் சொல்லி, மீண்டும் ஒளிச்சேர்க்கைக்கே வந்தார். செடி மட்டும் மாறாமல் நின்றது. பெயர்ச்சீட்டை மாற்றி ஒட்டுவதே கற்பித்தல் என்றாகிவிட்ட அவ்வாண்டுகளைக் கண்டவர்க்கு, எல்லாப் பொருளிலும் சீட்டு ஒட்டிய அந்தத் தொடர் வெறும் வேடிக்கையாகத் தோன்றாது.

தேர்வு விடைத்தாள் இன்னும் கூர்மையான சான்று. உற்றறிதல், ஊகித்தல், கருதுகோள், தற்சார்பு மாறி, சார்பு மாறி என்னும் சொற்கள் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளின் நாவில் தடையின்றி வரும். அவை நல்ல சொற்கள். அறிவியல் நடக்கும் வழியைக் குறிப்பவை. ஆயினும், இது அதிகரித்தால் அது அதிகரிக்கும் என்னும் வாய்பாட்டில் இரு சொற்களை மாற்றியிட்டால் கருதுகோள் ஆகிவிடும் என்று பயிற்சி ஏடுகள் பழக்கிவிட்டன. எதையும் உற்றறியாமலே உற்றறிதலுக்கு முழு மதிப்பெண் பெறலாம். தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான யு.பி.எஸ்.ஆர். 2021-இல் நீக்கப்பட்டபின்னும் இவ்வாய்பாடு வகுப்பறையை விட்டு முழுதும் அகலவில்லை. சலிப்பு இப்போது உண்டு. பகடிக்குரிய முதலீடு சேர்ந்துவிட்டது.

இத்தகைய கேலி, படிப்பு ஒன்றையே ஏணியாகப் பற்றி மேலேறிய சமூகத்திற்குத் தீங்கு செய்யாதா என்று கேட்போர் உண்டு. அவர் அச்சத்தை எள்ளி ஒதுக்குதல் தகாது. ஆசிரியர் சொல்லே வேதமென்று நம்பி, பால்வெட்டு வருவாயிலிருந்து பள்ளிக் கட்டணம் கட்டிய பெற்றோரின் மக்கள் அவர்கள். ஆயினும் எதிர்த்திசையில் உள்ள தீங்கையும் எண்ணவேண்டும். திருநள்ளாற்றுச் சனீசுவரன் கோயிலின்மேல் வரும் செயற்கைக்கோள்கள் மூன்று நொடி செயலிழந்து நிற்கின்றன, அமெரிக்க விண்வெளி ஆய்வுக்கழகமே வியந்தது என்னும் செய்தி தமிழர் வாழும் நாடெங்கும் பல ஆண்டுகளாகச் சுற்றிவருகின்றது. மலேசியத் தமிழர் புலனம் என்று வழங்கும் வாட்ஸ்அப் குழுக்களில் அது ஓய்வதே இல்லை. தாழ்ந்த பாதையில் சுற்றும் செயற்கைக்கோள் நொடிக்கு ஏறத்தாழ ஏழரைக் கிலோமீட்டர் விரைகின்றது; அது நின்றால் விழும். ஒரே இடத்தில் நிற்பதுபோலத் தோன்றும் வகையோ, நிலநடுக்கோட்டின்மேல் 35,786 கிலோமீட்டர் உயரத்தில் பூமியோடு உடன்சுற்றுவது. அது திருநள்ளாற்றின் மேலாக வருவதே இல்லை. இக்கணக்கைப் படித்த ஆறாம் ஆண்டு மாணவனின் தந்தையே அச்செய்தியைப் பிறர்க்கு அனுப்புகின்றார்.

அச்செய்தியின் நடையை ஆராய்ந்தால் வியப்பு மிகும். எண் உண்டு, ஆய்வுக்கழகத்தின் பெயர் உண்டு, கதிர்வீச்சு என்னும் கலைச்சொல் உண்டு, அசையாத அமைதிக் குரல் உண்டு. 'லுக் அரவுண்ட் யூ' எழுதியோர் சிரிப்பதற்கெனச் செய்த ஒன்றை, இச்செய்தியை எழுதியோர் நம்புவதற்கெனச் செய்துள்ளனர். இரண்டிற்கும் இடையே உள்ள தொலைவு மிகச் சிறிது. பாடக் குரலைப் பகடியாகக் கேட்டுப் பழகிய செவி, எண்ணும் பெயரும் கலைச்சொல்லும் அடுக்கி வரும்போதே சற்று நிமிர்ந்து உட்காரும். பழகாத செவி குறிப்பேட்டைத் திறந்துவிடும். இக்காரணத்தால்தான், இத்தகைய நகைச்சுவையைப் பொழுதுபோக்கென ஒதுக்குவது பொருந்தாது.

பெருந்தொற்றால் பள்ளிகள் மூடப்பட்டபோது, 2020 ஏப்ரல் 6 முதல் டிவி ஓகே அலைவரிசையில் கல்வித் தொலைக்காட்சி மீண்டும் ஒளியேறியது. 2021 பிப்ரவரி 17-இல் டிடிக் டிவி என்னும் தனி அலைவரிசையாகவும் வந்தது. ஆசிரியர் பலர் தம் வீட்டுக் கூடத்தில் கைப்பேசியை நிறுத்திவைத்துத் தாமே பாடம் பதிந்தனர். குரலில் அதே அமைதியும், இறுதியில் அதே எழுதிக்கொள்ளுங்கள் என்னும் பணிப்பும் இருந்தன. இம்முறை ஒரு மாற்றம் நிகழ்ந்தது. பிள்ளைகள் அப்பதிவுகளைத் தம் கைப்பேசியிற் கண்டு, அவற்றைப் போலத் தாமே நடித்துச் சிறு காட்சிகளை எடுத்துத் தம்முள் பரிமாறிக்கொண்டனர். தண்ணீர்ப் புட்டியைக் காட்டி இதுவே தண்ணீர்ப் புட்டி என்று ஒருவன் நெடிய குரலில் விளக்குவான். மற்றவன் அடக்கத்தோடு தலையசைப்பான். முறையான கலையென்று அவற்றைச் சொல்வதற்கில்லை. நாடகமாக எழுதப்பட்டவையும் அல்ல. ஓரிரு நாளில் அழிந்தும் போயின. ஆயினும் அவற்றில் ஒருவன் பேச, ஒருவன் கேட்டான். செந்தில் இருந்த இடம் அங்கே காலியாக இல்லை.

அப்பிள்ளைகளுள் பெட்ரோமாக்ஸ் விளக்கைக் கண்ணால் கண்டவர் இலர். அது எதற்கு எரிந்தது, ஏன் வாடகைக்கு எடுக்கப்பட்டது என்பவற்றைத் தாத்தா பாட்டியைக் கேட்டே அறியவேண்டும். கவுண்டமணி மேண்டிலைக் காட்டி விளக்கும் இடத்தில் அவர்களும் மூத்தோரோடு சேர்ந்து சிரிக்கின்றனர். விளக்கு அவர்களுக்கு அயல். விளக்குபவரின் குரல் அயலன்று.